முன் சக்கரம்

அருமைநாயகம் மேஸ்திரியின் பட்டறை தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் ஒரு மருத மரத்தடியில் இருந்தது. பங்குனி மாதத்து வெயிலில் அங்கே மூன்று வண்டிகள் விலைக்கு நின்றன. வடகரை கிதிர் முகம்மது மூன்றையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மாடு பிடிக்கப் போனவர் பல்லைப் பிடித்துப் பார்ப்பதுபோல, குனிந்து ஒவ்வொரு வண்டியின் அடிவயிற்றையும் பார்த்தார். பார்த்தாரே தவிர ஒன்றும் விளங்கவில்லை. நாற்பத்தைந்து வயது வரைக்கும் அவர் ஓட்டியது சைக்கிள் ஒன்றுதான்.

“என்ன அண்ணாச்சி, நாடி பிடிச்சுப் பாத்தாச்சா?” என்றார் மேஸ்திரி, கையைக் கழிவுத் துணியில் துடைத்துக்கொண்டே.

“எது கம்மியா பெட்ரோல் குடிக்கும், அதைச் சொல்லும்.”

“குடியில சின்னது அந்த மோட்டார் சைக்கிள். பக்கத்துல தொட்டி வச்சது. ஆனா கல்லுலயும் மணல்லயும் ஏறிச்சின்னா தொட்டி ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம் கிடப்பீய. அடுத்தது இந்தச் சின்னக் காரு. ஒரு காலன் பெட்ரோலுக்கு முப்பத்தஞ்சு மைல் போவும். குணத்துல பசு. ஆனா வயிறு தரையில இழுபடுது, மேட்டுல குந்தினா எந்திரிக்காது. மூணாவது இந்த ஜீப்பு. யுத்தத்துக்கு வந்து, யுத்தம் முடிஞ்சு ஏலத்துல போனது. இது எங்கேயும் ஏறும். ஆனா காலனுக்குப் பதினஞ்சு மைல் தாண்டிச்சுன்னா நான் மீசைய எடுத்துருதேன்.”

கிதிர் முகம்மது பெருமூச்சு விட்டார். மூன்றில் எதை எடுத்தாலும் ஒரு குறை இருந்தது. ஊருக்குள் சுற்றுவதற்கென்றால் அவர் அந்தச் சின்னக் காரை அப்போதே எடுத்திருப்பார். அவருக்கு வேண்டியது ஆனைப்பாறைக்குப் போய்த் திரும்புகிற வண்டி.

ஆனைப்பாறை வடகரைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருபது குடிசைகள் கொண்ட ஊர். அதற்குச் சாலை கிடையாது. வண்டித்தடம் என்று ஒன்று இருந்தது. அதுவும் காட்டோடைக்கு இந்தப் பக்கமே முடிந்துவிடும். ஓடைக்கு அந்தப் பக்கம் கிதிர் முகம்மதுக்கு ஓர் எலுமிச்சைத் தோட்டம். கொழும்பில் துணிக்கடை வைத்துச் சேர்த்ததையெல்லாம் போட்டு வாங்கியது. காய் பறித்தால் தலைச்சுமையாக ஓடை கடந்து வந்து சேர்வதற்குள் பாதி வாடிவிடும். வண்டி போகவேண்டுமென்றால் ஓடைக்கும் தோட்டத்துக்கும் நடுவே கிடந்த செல்லச்சாமியின் சோளக்காட்டைக் குறுக்கே வெட்டிப் பாதை போடவேண்டும்.

அதைக் கேட்கப் போனபோது நல்ல விலை சொல்லுவான் என்று எதிர்பார்த்துத்தான் போனார். செல்லச்சாமி தலையைச் சொறிந்தான்.

“காசு வாங்கினா மாசத்துல கரைஞ்சிரும் மொதலாளி. பெறகு காசும் இருக்காது, மண்ணும் இருக்காது.”

“பின்ன என்ன வேணும்வே?”

பதில் சொன்னது அவன் மனைவி பேச்சித்தாய். “எங்க ஊர்ல சீக்குன்னு விழுந்தவன் கட்டில்ல போறான். கட்டில் மட்டும்தான் திரும்பி வருது. ஒங்க வண்டி வந்துட்டுதுன்னா, சீக்காளிய ஆசுபத்திரியில கொண்டு எறக்கணும். அது போதும்.”

செல்லச்சாமி குனிந்து தன் காட்டில் ஒரு கைப்பிடி மண்ணை எடுத்தான். அந்தப் பக்கத்தில் மண்ணள்ளிக் கையில் கொடுத்துவிட்டால் பத்திரம் எழுதியதற்குச் சமம். கிதிர் முகம்மது இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார். ஏந்திய கைகளைப் பார்த்தபோது அவருக்குத் தொழுகைக்குப் பின் கேட்கிற துஆதான் நினைவுக்கு வந்தது.

இப்போது பட்டறையில் நின்றபோதும் அந்த மண்தான் கண்முன் வந்தது. ஆனாலும் பெட்ரோல் கணக்கு விடவில்லை. வீட்டில் ஹாஜரா பீவிக்குக் கதவு வைத்த கார்தான் தோதுப்படும் என்று மனத்துக்குள் ஒரு சாக்கையும் தயார் செய்துகொண்டு போய், அவளிடம் விஷயத்தைச் சொன்னார்.

“கதவில்லாத வண்டியில நீ எப்படி ஏறுவே?”

ஹாஜரா பீவி சிரித்துவிட்டாள். “சீக்காளிக்கு வாக்குக் குடுத்துட்டு வந்து எனக்குக் கதவு தேடுதீயளா? ஜீப்பையே வாங்குங்க. நான் ஒரு திரை தச்சுக்கிடுதேன்.”

அப்படித்தான் ஜீப் வந்தது.

வண்டி பழகியது சிற்றாற்றின் காய்ந்த மணலில். முதல் இரண்டு நாள் ஜீப் தவளைபோல் தத்தித் தத்திப் போனது. கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கல்லை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். “கிளச்சை மெள்ள விடுங்க அண்ணாச்சி, அது என்ன, தேளா மிதிக்கிதீய?” என்று மேஸ்திரி கத்தினார். பிறகு, பெரிய கியர்த் தண்டுக்குப் பக்கத்தில் இருந்த ஒரு சின்ன லிவரைத் தொட்டுக் காட்டினார். “இதான் இந்த வண்டிக்கு உசுரு. சாதாரணமாப் பின் சக்கரம் மட்டும்தான் தள்ளும். இந்த லிவரைப் போட்டா முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கும். சேறு, மணல், ஏத்தம், எதுன்னாலும் நாலு காலுலயும் ஏறிரும்.”

முதன்முதலாக ஓடையைக் கடந்த நாளில் ஆனைப்பாறை முழுக்கக் கரையில் நின்றது. கிதிர் முகம்மது “பிஸ்மில்லாஹ்” என்று லிவரைப் போட்டார். ஜீப் தண்ணீரில் இறங்கி எதிர்க்கரையில் மூக்கை வைத்தது. முன் சக்கரங்கள் இரண்டும் மண்ணைப் பறித்துப் பறித்து மேலே ஏறின. செல்லச்சாமி கூடவே ஓடிவந்து கையைத் தட்டினான்.

“ஏலே, பாருங்கலே! கரடி புத்தைப் பறிக்கித மாதிரியில்லா பறிக்குது!”

அதன்பிறகு வண்டி ஓடை கடக்கும்போதெல்லாம் செல்லச்சாமி பக்கத்தில் நடந்து வருவான். கண் முன் சக்கரத்தை விட்டு அகலாது. சித்திரை வைகாசியில் அந்த வண்டி எலுமிச்சங்காய் மட்டும் சுமக்கவில்லை. காய்ச்சலில் வலிப்பு வந்த ஒரு குழந்தையையும், கிணற்று மேட்டில் விழுந்து இடுப்பொடிந்த ஒரு பெண்ணையும் தென்காசி ஆஸ்பத்திரியில் இறக்கியது. இரண்டு பேரும் நல்லபடியாக ஊர் திரும்பினார்கள். கட்டில் சுவரில் சாய்ந்தே நின்றது.

ஆனி பிறந்ததும் குற்றாலத்தில் சாரல் விழுந்தது. அருவிகளில் தண்ணீர் கொட்டத் தொடங்கிவிட்டால் ரயிலடியில் வந்து இறங்கும் கூட்டத்துக்கு வண்டி போதாது. தோட்டத்தில் அப்போது காய் இல்லை. சும்மா நிற்கிற ஜீப்பைக் குற்றாலத்துக்கு ஓட்டினால் என்ன என்று கிதிர் முகம்மதுக்குத் தோன்றியது. தோன்றியதில் தப்பில்லை. ஓட்டினார், நல்ல கூட்டம் ஏறியது. ஆனால் வந்த காசில் பெரும்பங்கைப் பெட்ரோல் குடித்துவிட்டது.

“அதுக்கு ஒரு வழி இருக்கு அண்ணாச்சி,” என்றார் அருமைநாயகம். “லிவரைப் போடாட்டாலும் முன் சக்கரத்துக்குப் போற ஷாப்ட் சும்மா சுத்திக்கிட்டேதான் கிடக்கும். தார் ரோட்டுல அது எதுக்கு? கழட்டி வச்சிட்டா வண்டி லேசா ஓடும், காலனுக்கு ரெண்டு மூணு மைல் கூடக் கிடைக்கும். எல்லாரும் அப்பிடித்தான் செய்யுதாவ.”

“ஆனைப்பாறைக்குப் போகணும்னா?”

“நாலு நட்டுதானே! அரை நாள்ல மாட்டித் தந்துருதேன்.”

ஆள் நீளத்தில் பாதியிருந்த அந்த இரும்புத் தண்டு சாக்கில் சுற்றப்பட்டு, வடகரை வீட்டில் நெல் குதிருக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தது. ஹாஜரா பீவி தினமும் கூட்டிப் பெருக்கும்போது விளக்குமாறு அதில் தட்டும்.

“இந்த இரும்ப எப்ப மாட்டப் போறீய? மேக்கே பாருங்க, மலையில மேகம் கருகருன்னு கிடக்கு.”

“வெள்ளிக்கிழமை கழியட்டும்.”

வெள்ளிக்கிழமைகள் கழிந்தன. நல்லது செய்ய நினைக்கிறவனைச் சைத்தான் வேண்டாமென்று தடுப்பதில்லை. நாளைக்குச் செய்யலாமே என்று தோளில் கை போடுகிறான். குற்றாலத்தில் யாரைப் பார்த்தாலும் “சீசன் நல்லாயிருக்கு” என்றார்கள். கிதிர் முகம்மதும் அதையே சொன்னார். அருவியில் விழுகிற தண்ணீரும் ஆனைப்பாறை ஓடையில் ஓடுகிற தண்ணீரும் ஒரே மலையில், ஒரே மழையில் பிறந்தவை என்பது அவருக்குத் தெரியாததல்ல. அந்தப் பக்கம் நினைப்பை ஓட்டாமல் இருந்தார், அவ்வளவுதான்.

ஆடி மாதத்தில் ஒரு நாள், மெயின் அருவியில் குளித்துவிட்டு உடம்பெல்லாம் எண்ணெய் மினுமினுப்போடு நான்கு விருதுநகர்க்காரர்கள் ஜீப்பில் ஏறி உட்கார்ந்திருந்தார்கள். ஐந்தருவிக்குக் கிளம்பவேண்டியதுதான். சைக்கிள் ஒன்று மணியடித்துக்கொண்டே வந்து வண்டியில் மோதுகிறாற்போல் நின்றது. பேச்சித்தாயின் தம்பி முப்பிடாதி. மூச்சு வாங்கியது.

“மொதலாளி, மச்சானைக் கண்ணாடி விரியன் போட்டுட்டு. விடியக்காலம் புல்லறுக்கும்போது. பச்சிலை குடுத்துப் பாத்தாவ, கேக்கல. காலு பானை மாதிரி வீங்கிட்டு. அக்கா ஒங்களைக் கூட்டியாரச் சொன்னா.”

கிதிர் முகம்மது பின்னால் திரும்பி இறங்கச் சொல்ல வாயெடுத்தார். சொல்லவேண்டியிருக்கவில்லை. நான்கு பேரும் தாமாகவே இறங்கினார்கள். அவர்களில் பருத்த ஒருவர், தோளில் போட்டிருந்த புதுத் துண்டை எடுத்து முன்சீட்டில் வைத்தார்.

“காலைக் கட்ட, துடைக்க, எதுக்காச்சும் ஆகும். போங்கய்யா, நிக்காதீங்க.”

சைக்கிளைத் தூக்கிப் பின்னால் போட்டுக்கொண்டு வண்டி பறந்தது. செங்கோட்டை தாண்டும்போது ஷாப்டின் நினைப்பு நெஞ்சில் குத்தியது. மேஸ்திரியை அழைத்துவந்து மாட்டவேண்டுமென்றால் அரை நாள். அதற்கு நேரமேது? ஓடையில் தண்ணீர் குறைவாயிருக்கும். இருக்கவேண்டும். துஆ ஓத ஆரம்பித்தார்.

போகும்போது ஓடை முழங்காலுக்குக் கீழேதான் ஓடியது. இந்தக் கரை செங்குத்தான இறக்கம், அந்தக் கரை கொஞ்சம் தணிவு. வந்த வேகத்தில் வண்டி விழுந்தடித்து ஏறிவிட்டது. “அல்ஹம்துலில்லாஹ்” என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

செல்லச்சாமியின் முற்றத்தில் கட்டில் தயாராயிருந்தது. நான்கு ஆட்கள் அதைத் தோளில் ஏற்றி இரண்டடி எடுத்து வைத்திருந்தார்கள். இனி வண்டி வராது என்று புறப்பட்டுவிட்டவர்கள். ஜீப் சத்தம் கேட்டதும் அவர்கள் முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கிதிர் முகம்மது பார்த்தார்.

“எறக்குங்கலே, எறக்குங்க! வண்டி வந்துட்டு!” என்றாள் பேச்சித்தாய்.

கட்டில் கீழே இறங்கியது.

அந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ‘முன் சக்கரம் இழுக்காது. மலையில் மழை பெய்கிறது. நீங்கள் கட்டிலிலேயே ஓடையைக் கடத்துங்கள், நான் காலி வண்டியோடு முன்னால் போய், வண்டி ஏறினால் அந்தக் கரையில் ஏற்றிக்கொள்கிறேன்’ என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் அத்தனை முகங்களிலும் இருந்த நம்பிக்கையை உடைக்க வெட்கமாயிருந்தது. வந்ததுபோலப் போய்விடலாம் என்று தோன்றியது.

“ஏத்துங்க,” என்றார்.

ஓடைக்குத் திரும்பி வந்தபோது தண்ணீர் செந்நிறமாகியிருந்தது. முழங்காலுக்கு மேல் ஓடியது. வடகரைப் பக்கத்துக் கரை செங்குத்து. மழையில் ஊறிக் களியாயிருந்தது. வண்டி ஓடையைக் கடந்துவிட்டது. கரையில் மூக்கை வைத்து ஒரு முழம் ஏறியது. பிறகு பின்னுக்கு வழுக்கியது. மறுபடி ஏறியது, மறுபடி வழுக்கியது. பின் சக்கரங்கள் ஓலமிட்டுச் சுற்றின. சுற்றச் சுற்றப் பள்ளம் பறித்துக்கொண்டு அச்சு வரைக்கும் புதைந்தன.

ஆட்கள் தள்ளினார்கள். கல் கொண்டுவந்து போட்டார்கள். தழை வெட்டிப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் இன்னும் ஒரு தள்ளு தள்ளினால் ஏறிவிடும் என்றுதான் இருந்தது. அந்த இன்னும் ஒரு தள்ளிலேயே பகல் சாய்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது.

செல்லச்சாமி பின்னால் மனைவியின் மடியில் தலை வைத்துக் கிடந்தான். ஈறுகளிலிருந்து ரத்தம் கசிந்து, விருதுநகர்க்காரரின் துண்டு நனைந்திருந்தது. அவன் மெல்லக் கையை ஊன்றி எழுந்து, பழக்கம் விடாமல், பக்கவாட்டில் எட்டிப் பார்த்தான். கரையில் பதிந்திருந்த முன் சக்கரம் அசையாமல் நின்றது.

“மொதலாளி… முன் சக்கரம் ஏன் சுத்தல?”

தள்ளிக்கொண்டிருந்தவர்கள் கையை எடுத்துவிட்டுப் பார்த்தார்கள்.

கிதிர் முகம்மது ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன்னால் பார்த்துக்கொண்டே சொன்னார்: “கழட்டி வச்சிருக்கேன் செல்லச்சாமி. பெட்ரோலுக்காக.”



“அப்பிடியா?” என்றான் செல்லச்சாமி. குரலில் கோபமில்லை. காரணம் தெரிந்துகொண்டவனின் குரல்தான். “நாலு காலு உள்ளதை ரெண்டு காலுல ஏறச் சொன்னா, பாவம், அது என்ன செய்யும்?” மறுபடி மடியில் சாய்ந்துகொண்டான்.

முப்பிடாதி தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்து கிதிர் முகம்மதின் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான். “பெட்ரோலா? ஏ மனுசா, பெட்ரோலா ஒமக்குப் பெரிசு? அதுக்கா மண்ணள்ளித் தந்தோம்?”

“விடுலே அவர,” என்றாள் பேச்சித்தாய். “சட்டையைப் பிடிக்கித கையால போயிக் கட்டிலைத் தூக்கிட்டு வா.”

கட்டில் வந்தது. நான்கு கால்களில் ஒன்றைக் கிதிர் முகம்மது தோளில் வாங்கிக்கொண்டார். யாரும் வாங்கச் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. சேற்றில் வழுக்கி விழுந்து, எழுந்து, வடகரை வரைக்கும் சுமந்தார்கள். அங்கே ஹாஜரா பீவி விஷயம் கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டு மாட்டுவண்டியைப் பூட்டச் சொல்லி வைக்கோல் பரப்பி வைத்திருந்தாள். வண்டி அச்சன்புதூர் தாண்டி ஒரு குளத்தங்கரையில் போகும்போது பேச்சித்தாய் “நிறுத்துங்க” என்றாள். மாடுகளின் கழுத்துமணி ஓய்ந்தது. புதுத் துண்டின் நனையாத பாதியைப் பிரித்து அவள் கணவன் முகத்தின்மேல் போட்டாள்.

மூன்றாம் நாள் வெள்ளம் வடிந்ததும் ஊர்க்காரர்கள் காளைகளைக் கட்டி ஜீப்பை இழுத்து வெளியே போட்டார்கள். அருமைநாயகம் வடகரைக்கே வந்துவிட்டார். குதிருக்குப் பின்னாலிருந்த தண்டை ஹாஜரா பீவியே எடுத்துக் கொடுத்தாள். மேஸ்திரி சேற்றில் மல்லாந்து படுத்து அதை மாட்டினார். வண்டிக்கு அடியிலிருந்தே அவர் குரல் வந்தது.

“கழட்டச் சொன்னவன் நான்தானே அண்ணாச்சி.”

“கழட்டுன்னு நீரு சொன்னீரு. மாட்டாம இருந்தது நான்.”

 வண்டியை விற்றுவிடலாமா என்று அன்றிரவு கிதிர் முகம்மது மனைவியைக் கேட்டார். “வித்தா ஒங்க பாரம் குறையும். அந்த ஊர்க்காரங்க பாரம்?” என்றாள் அவள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவர் ஆனைப்பாறைக்குப் புறப்பட்டார். தோட்டத்துக்கல்ல. எதற்கென்று அவருக்கே சரியாகத் தெரியவில்லை. ஓடையில் நல்ல தண்ணீர் இருந்தது. லிவரைப் போட்டார். நான்கு சக்கரமும் பற்றி வண்டி சுலபமாக ஏறியது. அவ்வளவு சுலபமாக ஏறியதுதான் அவரை அழவைத்தது. கரையேறியதும் என்ஜினை நிறுத்தினார். எதிரே, செல்லச்சாமியின் காட்டில் பாதை தொடங்குகிற இடத்தில், உடைமுள் வெட்டிப் போட்டுக் குறுக்கே அடைத்திருந்தார்கள்.

இறங்கி முள்ளுக்கு முன்னால் நின்றார். அதைத் தொட அவருக்கு உரிமை இல்லை. திரும்பிவிடலாம் என்று நினைத்தபோது அந்தப் பக்கம் பேச்சித்தாய் வந்தாள். தோடு கழற்றிய காது மூளியாயிருந்தது. அவரைப் பார்க்காமலே குனிந்து ஒரு கவைக்கம்பால் முள்ளை ஒவ்வொன்றாக இழுத்து ஓரத்தில் போட்டாள். ஒரு முள் கையில் கீறியது. அதைப் பாராமல் வேலையைச் செய்தாள்.

“நான் அள்ளுதேன் தாயி,” என்றார் அவர்.

“வேண்டாம். தம்பி போட்டது. நான்தான் எடுக்கணும். பாதை அவுக குடுத்தது. அடைக்க நாங்க யாரு?”

முள்ளெல்லாம் விலகியது. அப்போதுதான் அவள் நிமிர்ந்து வண்டியைப் பார்த்தாள்.

“முன் சக்கரம் சுத்துதா?”

“சுத்துது.”

“கடைசி வீட்டுக் கிழவனுக்கு மூச்சு இரைக்குது. கட்டிலைத் தோள்ல தூக்கிட்டாவ. ஓடையில வண்டிச் சத்தம் கேட்டுது. நான்தான் எறக்கச் சொல்லிட்டு வந்தேன்.”

கிதிர் முகம்மதுக்குச் செல்லச்சாமியின் முற்றம் நினைவுக்கு வந்தது. அங்கேயும் இப்படித்தானே ஒரு தடவை கட்டில் இறங்கியது! “நீ எப்படித் தாயி என்னை நம்பி…” என்று தொடங்கினார்.

“நம்பிக்கையெல்லாம் இல்லை,” என்றாள் பேச்சித்தாய். “கிழவனுக்கு நேரமில்லை. அதான். வாங்க.”

கிழவரை ஏற்றினார்கள். முப்பிடாதியும் ஒரு கை பிடித்தான். முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் பிடித்தான், ஆனால் கிழவரின் தலை இடிபடாமல் உள்ளங்கையை இரும்புச் சட்டத்தில் வைத்துக்கொடுத்தான். ஜீப் சோளக்காட்டுப் பாதையில் மெள்ள இறங்கி ஓடைக்கு வந்தது. கிதிர் முகம்மது லிவரைப் போட்டார். பக்கத்தில் யாரோ தண்ணீரில் நடந்து வருகிற சத்தம் கேட்டுத் திரும்பினார். பேச்சித்தாய் சேலையை முழங்காலுக்குமேல் தூக்கிச் செருகிக்கொண்டு, செல்லச்சாமி வழக்கமாக நடந்து வந்த அதே பக்கத்தில், முன் சக்கரத்தின்மேல் வைத்த கண்ணை எடுக்காமல் நடந்து வந்தாள்.

சக்கரம் கரையைத் தொட்டது. மண்ணைப் பறித்தது. ஏறியது.

“போங்க,” என்று சொல்லிவிட்டு அவள் ஓடைக்குள் திரும்பி நடந்தாள்.